சின்னத் தொழிலுக்கு ஆள் எடுப்பது: என் பட்டறையில் பார்த்த வரை

ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சிறிய அச்சகம் என்னுடையது. பில் புத்தகம், நோட்டீஸ், டைரி, அட்டைப்பெட்டி என்று வருகிற வேலையை எல்லாம் செய்கிறோம். தொழில் செய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஆள் பிரச்சினையில்தான் வந்து நிற்கும். வேலை இருக்கிறது, செய்ய ஆள் இல்லை, இருக்கிற ஆளை நம்ப முடியவில்லை. பெரிய கம்பெனியில் ஐந்நூறு பேரில் ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. நம்மிடம் ஒருவர் வராவிட்டால் ஒரு மெஷின் நிற்கிறது, அதற்குப் பின்னால் பைண்டிங் நிற்கிறது, இன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருந்த வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். அதனால் எனக்குப் பலன் கொடுத்ததை மட்டும் எழுதுகிறேன். அச்சுத் தொழில் இல்லாதவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நம்பகமான ஆள் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நேரத்துக்கு வருவது ஒன்று, கை சுத்தம் இன்னொன்று, வேலை சுத்தம் வேறொன்று. எல்லாம் ஒரே ஆளிடம் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். எது இல்லாவிட்டால் நம் தொழில் படுத்துவிடும் என்று முதலில் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், வேலையில் ஒன்று தப்பாகப் போனதும் அதை மறைக்காமல் அப்போதே வந்து சொல்கிற குணத்தைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பிளேட்டில், அதாவது தாளில் பதிய வேண்டிய எழுத்தைத் தாங்கி மெஷினில் ஏறுகிற தகட்டில், ஒரு போன் நம்பர் தப்பாக இருக்கிறது. ஐம்பதாவது தாளில் தெரிந்தால் நஷ்டம் ஐம்பது தாளும் ஒரு பிளேட்டும். கட்டு கட்டி அனுப்பிய பிறகு வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் மொத்த வேலையும் போச்சு, அவரும் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெஷின் பக்கத்தில் நிற்கிறவருடைய வாய் மட்டும்தான். கொஞ்சம் தாமதமாக வருகிற, ஆனால் தப்பை உடனே சொல்கிற ஆளை என்னால் சமாளிக்க முடியும். டாணென்று வந்து தப்பான தாளைக் கட்டுக்கு அடியில் செருகுகிறவரோடு முடியாது.

ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த இடத்தில் உட்காரப்போகிறவர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்வார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். போனவரைப் போலவே இன்னொருவரைத் தேடுவதுதான் நம் பழக்கம். ஒரு தடவை மெஷின்மேன் ஒருவர் விலகியபோது அவர் வேலையை அப்படி எழுதிப் பார்த்தேன். அவருடைய நேரத்தில் பெரும் பகுதி மெஷினில் போகவில்லை. வந்த ஃபைலைத் திறந்து பார்ப்பது, வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அளவு கேட்பது, காகிதம் வந்ததா என்று விசாரிப்பது, இதிலேயே போயிருந்தது. மெஷின் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் ஏற்கெனவே இருந்தார். எனக்கு வேண்டியிருந்தது முன்னால் உட்கார்ந்து ஆர்டர் வாங்கி ஃபைலைச் சரிபார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் கிடைப்பது மெஷின்மேன் கிடைப்பதைவிட எத்தனையோ சுலபம். "எல்லா வேலையும் தெரிந்த ஆள் தேவை" என்று விளம்பரம் கொடுத்தால் என்ன வேலை என்று நமக்கே தெரியவில்லை என்பதுதான் படிக்கிறவருக்குப் புரியும்.

எங்கே தேடுவது? சொந்தக்காரர்களிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் சொன்னால் ஆள் வந்துவிடும், ஆனால் அந்த ஆளை அனுப்ப வேண்டி வந்தால் ஒரு உறவும் சேர்ந்து போகும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த ஆட்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவர்கள்தான், அதனால் புது ஆள் அந்த வழியாக அதிகம் வருவதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைத்தான் சொல்கிறது. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தகவலைச் சொன்னவரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற, அவ்வளவு நெருக்கம் இல்லாத ஆட்கள் மூலமாகத்தான் தகவல் வந்திருக்கிறது. அதாவது நமக்கு உதவப்போகிறவர் காகிதம் கொண்டு வந்து போடுகிற வண்டிக்காரர், மெஷின் ரிப்பேருக்கு வருகிற மெக்கானிக், பிளேட் போட்டுத் தருகிறவர். இவர்கள் ஒரு நாளில் பல பட்டறைகளுக்குப் போய் வருகிறவர்கள். எங்கே யாருக்கு வேலை போனது, யார் வீடு மாறி இந்தப் பக்கம் வந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். மெக்கானிக் சொல்லி வந்தவர்கள் எனக்குப் பெரும்பாலும் நல்லபடியாகவே அமைந்தார்கள், ஏனென்றால் மெஷினை யார் எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்தவர் அவர். (பக்கத்துப் பட்டறையில் வேலையில் இருக்கிறவரை ரகசியமாகக் கூப்பிடுவது எனக்குச் சரிப்படவில்லை. அப்படி வந்தவர் அதே மாதிரி இன்னொரு இடத்துக்குப் போகவும் செய்வார், நாம் எதுவும் பேச முடியாது.)

வேலையில் இருக்கிறவர்களே ஆள் கொண்டு வருவது நல்ல வழிதான், அதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஒரே குடும்பத்திலிருந்தோ ஒரே அறையில் தங்கியிருப்பவர்களிலிருந்தோ மூன்று பேர் சேர்ந்துவிட்டால், அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றாலும் ஒரு துக்கம் என்றாலும் பட்டறையே காலி. ஒருவருக்கும் நமக்கும் மனஸ்தாபம் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து கிளம்புவார்கள். ஒரு வட்டத்திலிருந்து இரண்டு பேர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வருகிறவரிடம் வேலையின் கஷ்டமான பக்கத்தை முதலில் சொல்லிவிடுவேன். நாள் முழுக்க நிற்க வேண்டும், மை வாடை தலையில் ஏறும், தாள் எண்ணுவது அலுப்பான வேலை, வேலை குவிகிற மாதங்களில் இருட்டிய பிறகும் இருக்க வேண்டி வரும், அதற்குத் தனியாகக் கூலி உண்டு. இதைக் கேட்டதும் சிலர் "யோசித்துச் சொல்கிறேன் சார்" என்று போய்விடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள். போகட்டுமே. சொல்லாமல் எடுத்திருந்தால் சொல்லிக்கொடுத்த உழைப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மூன்றாவது வாரம் போயிருப்பார்கள். ஜான் வானஸ் போன்ற ஆய்வாளர்கள் 1970களிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். வேலையின் நல்லதோடு கெட்டதையும் சொல்லி எடுத்தால் ஆட்கள் சீக்கிரம் விட்டுப்போவது ஓரளவு குறைகிறது. பெரிய மாயம் எல்லாம் இல்லை, ஓரளவுதான். ஆனால் செலவில்லாத வழி.

அடுத்து நேர்காணல். நேர்காணல் என்கிற பெரிய வார்த்தை எதற்கு, உட்கார வைத்துப் பேசுவதுதான். நம்மில் நிறையப் பேருக்கு "ஆளைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எனக்கு அறவே கிடையாது. நன்றாகப் பேசத் தெரிந்தவர் நன்றாகப் பேசுவார், அவ்வளவுதான் அதிலிருந்து தெரிகிறது. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இருவர் எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, ஆள் எடுக்கும் எந்த முறை பிற்பாடு வேலையில் எவ்வளவு பலிக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். ஒன்று என்றால் அப்படியே பலிக்கிறது, பூஜ்யம் என்றால் பலிக்கவே இல்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிற நேர்காணலுக்கு 0.51, இஷ்டத்துக்குப் பேசிப் பார்ப்பதற்கு 0.38, எத்தனை வருட அனுபவம் என்பதற்கு வெறும் 0.18. கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கணிப்பதற்கு 0.02, அதாவது ஒன்றுமே இல்லை. 2022இல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் இந்தக் கணக்கை மறுபடி போட்டபோது பல எண்கள் இறங்கின. அப்போதும் முதலிடத்தில் வந்தது ஒரே கேள்வி, ஒரே வரிசை என்கிற அந்த நேர்காணல்தான். வருட அனுபவத்தின் மதிப்பு கீழேயே இருந்தது. இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து வாயைப் பிளப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்த இருபது வருடத்தில் என்ன செய்தார் என்பதல்லவா விஷயம்!

அதனால் என்னிடம் ஒரு அட்டையில் சில கேள்விகள் இருக்கின்றன. வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசையில். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே ஒரு எண் போட்டுவிடுவேன், பிறகு யோசித்து ஏற்றி இறக்குவதில்லை. அதில் முக்கியமான கேள்வி இதுதான்: "கடைசியாக உங்கள் வேலையில் ஒன்று தப்பாகப் போனது எப்போது, யாரிடம் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள்?" மெஷின்மேன் ஒருவர் சட்டென்று சொன்னார், "என் கையில் தப்பே வந்ததில்லை சார்." அச்சுத் தொழிலில் தப்பே வராத கை இருக்க முடியாது. இன்னொரு தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பில் புத்தகம் ஒன்றில் நம்பரிங் நடுவில் ஒரு எண்ணைத் தாண்டி ஓடிவிட்டதையும், பைண்டிங் முடிந்த பிறகுதான் தான் அதைப் பார்த்ததையும், அப்போதே முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டியதையும் சொன்னார். "திட்டினார் சார், நல்லா திட்டினார்." மறுபடி அப்படி நடந்தால் சொல்வீர்களா என்று கேட்டேன். "சொல்லாமல் எப்படி சார், பில்லில் நம்பர் விட்டுப்போனால் அந்தக் கடைக்காரருக்குத்தானே கணக்கில் பிரச்சினை வரும்?" வேலை தெரிந்த அளவில் முதல் ஆள் ஒரு படி மேல். நான் எடுத்தது இரண்டாவது ஆளை. இன்னமும் என்னிடம்தான் இருக்கிறார்.

பேச்சு முடிந்ததும் ஒரு நாள் வேலை பார்க்க வரச் சொல்வேன். அந்த நாளுக்கு முழுக் கூலி கொடுத்துவிட வேண்டும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். சோதனை என்று சொல்லி ஓசியில் வேலை வாங்குவது அசிங்கம், அது வெளியே பரவவும் செய்யும், பிறகு நல்ல ஆள் யாரும் நம் பக்கம் வர மாட்டார். அன்றைக்கு கட்டிங் மெஷின் பக்கமே விடுவதில்லை. தெரியாத ஆளைக் கத்திக்குப் பக்கத்தில் நிறுத்தி அவர் திறமையைப் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. வேறு வேலை கொடுப்பேன். அச்சடிக்கும் முன் பிழை பார்க்க எடுக்கிற ப்ரூஃபில் ஒரு போன் நம்பரில் ஒரு இலக்கத்தைக் குறைத்து வைத்துச் சரிபார்க்கக் கொடுப்பது ஒன்று. இன்னொன்று, வேண்டுமென்றே அரைகுறையாகச் சொல்வது: "இந்த நோட்டீஸை எல்லாம் கட்டு போட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன், ஒரு கட்டுக்கு எத்தனை என்று சொல்ல மாட்டேன். சிலர் ஏதோ ஒரு கணக்கில் கட்டிக்கொண்டே போவார்கள். சிலர் எழுந்து வந்து "அண்ணே, நூறா ஐந்நூறா?" என்று கேட்பார்கள். எழுந்து வந்து கேட்டவர்கள்தான் பின்னால் தப்பையும் வந்து சொன்னார்கள். இதற்கு ஆய்வுச் சான்று எதுவும் என்னிடம் இல்லை, என் பட்டறையில் திரும்பத் திரும்பப் பார்த்தது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது கொஞ்சம் உதவும், ரொம்ப இல்லை. "எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் "நல்ல பையன்தான்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "நாளைக்கே திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். உடனே ஆமாம் என்று வருகிறதா, இல்லை இழுக்கிறார்களா என்பதிலேயே விஷயம் இருக்கிறது. இப்போது வேலையில் இருக்கும் இடத்துக்கு மட்டும் அவரைக் கேட்காமல் போன் போடக் கூடாது. நமக்கு ஒரு விசாரணை, அவருக்கு அது வேலை போகிற சமாச்சாரம்.

எடுத்துக்கொள்வது என்று முடிவானதும் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, விலகுவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. குறைந்தபட்சக் கூலி, வயது, வேலை நேரம் பற்றி உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையின் நகல் போதும். ஓடிப்போகாமல் இருக்க அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டி வைத்தால் ஆளும் மனசும் தங்கிவிடும் என்று நினைப்பு போல.

இனி, நாம் எடுத்த ஆள் நம்பகமான ஆளாகவே இருப்பாரா மாறுவாரா என்பது பாதிக்கு மேல் நம் கையில்தான் இருக்கிறது. முதல் வாரத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறவர் கேட்காமலேயே செய்யப் பழகிவிடுவார், அதனால் பழைய ஆள் ஒருவரைக் காட்டி "எதுவானாலும் இவரைக் கேளுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய ஆளுக்கு அந்த வாரம் வேலை குறைவாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எரிந்து விழுவார்.

அப்புறம் தப்பு நடக்கிற நாள் வரும். மேலே சொன்ன தம்பியே சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு வேலையில் பின்பக்கத்தைத் தலைகீழாக ஓட்டிவிட்டார். பாதியில் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார், முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கோபம் வராமல் இல்லை. அன்றைக்கு மாலை கொடுக்க வேண்டிய வேலை அது. ஆனால் மற்ற எல்லோரும் எங்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த தடவை தங்கள் தப்பை என்னிடம் கொண்டு வரலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். "எத்தனை தாள் போச்சு, மீதிக் காகிதம் போதுமா?" என்று மட்டும் கேட்டேன். வாடிக்கையாளருக்கு நானே போன் செய்து நாளைக்கு என்றேன். அடுத்த நாள் தனியாக உட்கார்ந்து எப்படித் தலைகீழானது என்று பார்த்ததில், பின்பக்கம் ஏற்றும் முன் முதல் தாளை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று ஒரு வழக்கம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. போன காகிதத்தைச் சம்பளத்தில் பிடிக்கவில்லை. பிடித்தால் அந்த மாதம் காகிதக் காசு மிச்சம், அதற்கு மேல் எந்தத் தப்பும் என் காதுக்கு வராது.

காசு விஷயத்தில் ஆளை நம்புவதோடு முறையையும் வைத்துக்கொள்ள வேண்டும். டொனால்ட் கிரெஸி என்ற குற்றவியல் அறிஞர் பணம் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953இல் எழுதினார். வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, யாரும் பார்க்காத வாய்ப்பு, "திருப்பி வைத்துவிடத்தானே போகிறேன்" என்று மனசுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம், இந்த மூன்றும் சேர்கிற இடத்தில்தான் அது நடக்கிறது என்றார். அதில் வாய்ப்பை நாம் குறைக்கலாம்: பணம் வாங்குகிறவர் ஒருவர், மாலையில் எண்ணிச் சரிபார்க்கிறவர் இன்னொருவர். நெருக்கடியையும் கொஞ்சம் குறைக்கலாம், அவசரத்துக்கு முன்பணம் கேட்டால் கூனிக் குறுக வைக்காமல் ஒரு வரம்புக்குள் கொடுத்து நோட்டில் எழுதிவிட்டால் போதும். இது நேர்மையான ஆளுக்கும் பாதுகாப்பு. கணக்கு உதைக்கிற நாளில் சந்தேகம் அவர் மேல் விழாது.

சம்பளம் சொன்ன தேதியில் போய்ச் சேர வேண்டும், வசூல் வந்தாலும் வராவிட்டாலும். 1913இல் ஃபோர்டு கார் கம்பெனியில் ஆட்கள் விட்டுப்போகிற விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதம். ஒரே இடத்துக்கு ஒரு வருடத்தில் மூன்று நாலு பேரை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார்கள். 1914 ஜனவரியில் தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, வேலை நேரத்தையும் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்த பிறகுதான் அது அடங்கியது. அதிலும் ஏகப்பட்ட நிபந்தனைகள் வைத்தார்கள், அது தனிக்கதை. நம்மால் இரட்டிப்பாக்க முடியாது. தேதியைக் காப்பாற்ற முடியும். தேதி தள்ளிப்போகிற பட்டறையில் முதலில் வேறு இடம் தேட ஆரம்பிக்கிறவர் நல்ல வேலைக்காரராகத்தான் இருப்பார், அவருக்குத்தான் வேறு இடம் சுலபமாகக் கிடைக்கும்.

எவ்வளவு பார்த்து எடுத்தாலும் சிலர் சரிப்பட மாட்டார்கள். சோதனைக் காலம் முடியும் முன்பே தெரிந்துவிடும், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போவதில் இரண்டு பக்கமும் நஷ்டம். தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லி, அன்றைய தேதி வரைக்கும் கணக்கை அன்றைக்கே முடித்து அனுப்பிவிட வேண்டும். பாக்கி வைத்து நாலு நாள் நடக்க விட்டால் அவர் வெளியே போய்ப் பேசுகிற பேச்சு அடுத்த ஆள் வருவதைக் கெடுக்கும்.

எடுக்காமல் விட்டவர்களுக்கும் போன் செய்து இல்லை என்று சொல்லிவிடுவேன். இரண்டாவது இடத்தில் வந்தவருடைய பெயரும் எண்ணும் மதிப்பெண்ணும் அந்தக் கேள்வி அட்டையின் பின்பக்கத்திலேயே இருக்கும். இப்போது முன்னால் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிற பெண் அப்படி ஒரு தடவை இல்லை என்று சொல்லப்பட்டவர்தான், இடம் காலியானதும் விளம்பரம் எதுவும் கொடுக்காமல் அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். எல்லா வேலைக்கும் இரண்டு பேராவது தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதால் வாரத்தில் ஒரு மதியம் அவர் பைண்டிங் கற்றுக்கொள்கிறார், பைண்டிங் அண்ணன் ஃபைல் திறக்கக் கற்றுக்கொள்கிறார். அவருக்கு மவுஸ் இன்னும் கைக்கு வரவில்லை.